வண்டிப்பெரியார் வழியே ஒரு மலைப்பயணம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற பங்குனித் திங்களின் இறுதியில் நாங்கள் கணவனும் மனைவியுமாக மேற்கொண்ட மலைப்பயணத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். மலைக்காட்சியும் விலங்கினங்களும் பற்றிக் கேட்கலாம் என அமர்ந்திருக்கின்றீர்கள். அவற்றைக் கூறுவோம். அம்மலைகளுக்கு நடுவே நாங்கள் கண்ட நம்மவரைப் பற்றியும் கூறுவோம். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்தோர் கூடியுள்ள இம்மன்றத்தில் அதனைக் கூறாது விடுதல் முறையன்று.

மதுரையிலிருந்து தேனி வரை தொடர்வண்டியிற் சென்றோம். 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பெற்ற மீட்டர் பாதை அகலப்பாதையாக மாற்றப்பெற்று, 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதம் போடிநாயக்கனூர் வரையிலும் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது. குமுளி மலைக்கு இருப்புப்பாதை இல்லை. ஆதலின் தேனியில் வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் சாலையின் இருமருங்கும் நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் தொடர்ந்து வந்தன. இச்செழிப்பின் மூலம் மலைக்கு அப்பால் உள்ளது. மேற்கே ஓடி அரபிக்கடலிற் கலக்கும் பெரியாற்றை அணையால் மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியவர் பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியாளர். திருவிதாங்கூர் அரசுடன் 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் நிறைவுற்றது. இடையில் வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சல் கட்டியவரை வாரிச் சென்றது. கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013-இல் அப்பொறியாளர்க்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது. அதனைக் கண்டு நாங்கள் வணங்கி நின்றபோது, "கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?" என்று எம் துணைவியார் வினவினார். அவ்வினா பயணம் முழுதும் எங்களுடன் வந்தது.

மலையேறிக் குமுளியை அடைந்து, மறுநாட் காலை தேக்கடி ஏரியிற் படகேறினோம். அணை கட்டியதனால் உண்டான ஏரி இது. அன்று நீரில் மூழ்கிய மரங்களின் கட்டைகள், நூற்றாண்டு கடந்தும் கரிய தூண்களாய் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துகின்றன. ஏரியைச் சூழ்ந்த காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934-இல் விலங்குக் காப்பிடமாக்கிற்று. 1978-இல் அது புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுரக் கிலோமீட்டர். கோடையில் உட்காட்டு ஓடைகள் வற்றுவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு இறங்கும். கடம்பை மான் கூட்டத்தையும், காட்டெருதுகளையும், குட்டியை நடுவில் விட்டு நீர் அருந்திய யானைகளையும் கண்டோம். புலி எங்கட்குக் காட்சி தரவில்லை. அது எங்களைக் கண்டிருக்கவும் கூடும்!

குமுளியிலிருந்து கோட்டயம் சாலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சென்றால் வண்டிப்பெரியார். அணைக்குக் கீழே, பெரியாற்றின் கரையில் அமைந்த தேயிலை ஊர். இடுப்பளவு வெட்டிவிடப்பட்ட தேயிலைச் செடிகள் குன்றுதோறும் படர்ந்துள்ளன. இடையிடையே சில்வர் ஓக் மரங்கள் நிழல் தருகின்றன. கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் ஒரே வாயிலிருந்து மாறிமாறி ஒலிக்கக் கேட்டோம். 2018 ஆகஸ்டில் அணை நிறைந்து மதகுகள் திறக்கப்பட்டபோது இவ்வூரினுள் வெள்ளம் புகுந்தது. கிழக்கே உள்ளோர்க்கு உயிர் தரும் நீர், இங்குள்ளோர்க்கு மழைக்காலந்தோறும் அச்சம் தருகிறது. கிழக்கிலும் தமிழர் உளர். இங்கும் தமிழர் உளர். இதனை அறிந்தோர் அணையைப் பற்றிச் சினந்து பேசமாட்டார்கள்.

இங்குள்ள தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஆள் சேர்த்தது மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீருமேடு கேரளத்தில் நின்றது. 1972-இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. எல்லைகள் மாறின, கொழுந்து கிள்ளிய கைகள் மாறவில்லை.

மூன்றாம் நாள், முன்பதிவு செய்த ஜீப் ஒன்றில் வள்ளக்கடவு சோதனைச் சாவடி வழியே கவிக்குப் புறப்பட்டோம். வண்டிப்பெரியாரிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர், பெரும்பகுதி அடர்காடு. மரக்கிளையில் கருமந்திகள் தாவின. பெரிய இருவாட்சிப் பறவை ஒன்று பேரிரைச்சலுடன் சிறகடித்துக் கடந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி அதன் இயல்பை விளக்கினார். பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலைத் தானே அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு பிளவு ஒன்றே மிஞ்சும். அதன் வழியே ஆண்பறவை திங்கட்கணக்கில் பழம் ஊட்டும். ஆண் கொல்லப்பட்டால் உள்ளிருக்கும் குடும்பமே பட்டினியால் மடியலாம். இதனைக் கேட்ட எம் துணைவியார் எம்மை ஒரு பார்வை பார்த்தார். அதன் பொருளை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை!

கவி பத்தனந்திட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். 2012-இல் வந்த ஒரு மலையாளத் திரைப்படத்தின் பின் பலரும் நாடி வரும் இடமாயிற்று. அங்கே தண்ணீர்க் குழாயடியில் சில பெண்கள் தமிழில் உரையாடுவது காதில் விழுந்தது. எம் துணைவியார் வண்டியை நிறுத்தச் செய்து இறங்கினார்.

அன்பர்களே, அவர்கள் இலங்கையிலிருந்து வந்த மலைநாட்டுத் தமிழர். அவர்தம் முன்னோர் சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முன்னும் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தப்படி, 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பகிர்ந்தனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோரில் சிலர் நீலகிரிக்கும், சிலர் புனலூர் இரப்பர்க் காட்டுக்கும், சிலர் 1975-இல் அமைந்த கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டங்களுக்காகக் கவிக்கும் அனுப்பப்பெற்றனர். பயணச்சீட்டுகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நாங்கள் ஒன்றை நினைத்தோம். எங்கள் பையில் திரும்பி வரும் சீட்டு இருந்தது. அவர்கட்கு ஒருபோதும் அது தரப்படவில்லை.

அகவை அறுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர், சிறுமியாய்க் கப்பலில் வந்தவர், எங்கட்குக் கட்டன் தேநீர் தந்தார். வேலையில் உள்ளவரைதான் தோட்ட வீடு என்பது தேயிலை, ஏலத் தொழிலாளர் பலர்க்கும் உள்ள பொது வழக்கம். "மகன் வேலையில இருக்கான், அதனால கூரை இருக்கு" என்றார் அவர். விடைபெறும்போது எம் துணைவியாரின் கையைப் பற்றி, "யானை நின்னா வண்டி நிக்கும், தாயி. நாங்க நின்னா நிக்காது. நீங்க நின்னீங்க" என்றார்.

அச்சொற்களை உங்கள்முன் வைக்கவே இவ்வளவும் கூறினோம். விலங்குகளைக் காத்தல் நன்று. அக்காட்டு வழியில் ஒரு தாளையும் எறியாது வருதல் நம் கடன். ஆயினும் மலையழகைக் காணச் செல்வோர், அம்மலையைத் தோட்டமாக்கிய மாந்தரைக் காணாது திரும்புதல் அழகன்று. நாமும் வேற்றிடம் வந்து வாழ்கிறோம். நமக்குச் சங்கம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, ஆண்டுக்கொருமுறை ஊர் சென்று மீள விடுமுறையும் இருக்கிறது. இவை மூன்றும் இல்லாதோர் நம்மினும் தமிழை விடாது பேசுகின்றனர்.

ஆதலின் சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். விடுமுறையில் தேக்கடி செல்லும் உறுப்பினர், வண்டிப்பெரியாரிலும் கவியிலும் அரைநாளேனும் தங்கி அம்மக்களுடன் உரையாடி வருக. இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. நம் நூலக நிதியில் ஆண்டுதோறும் ஒரு பகுதியை ஒதுக்கி, அப்பள்ளிகளுக்குச் சிறுவர் நூல்களை அனுப்புக. முதற் கட்டுக்கான நூல்களை நாங்கள் இருவரும் தந்துவிட்டோம். அவை செயலாளர் அவர்களின் மேசைமேல் உள்ளன.