ஓர் ஆசிரியர் சட்டமன்றம் போனார். நாம் யாரைத் தயார் செய்கிறோம்?

(இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கடைசியாக எதற்காகப் போனீர்கள்? கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போயிருப்பீர்கள். சிபாரிசுக் கடிதம் வாங்கப் போயிருப்பீர்கள். "சட்டமன்றத்தில் எங்களுக்காக என்ன பேசினீர்கள்?" என்று கேட்க என்றாவது போனதுண்டா?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பாருங்கள். பேராசிரியர் க. அன்பழகன் அவர்களைத்தான் சொல்கிறேன்.

"ஹஜ்ரத், அவர் பகுத்தறிவுக் கொள்கைக்காரர் ஆயிற்றே! அவரைப் பற்றி நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஈமான் விஷயத்தில் அவர் பாதை வேறு, நம் பாதை வேறு. அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் பத்ருப் போரில் சிறைபிடிக்கப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால், அதுவே அவர்களின் விடுதலைக்குரிய ஈட்டுத்தொகை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாறு சொல்கிறது. அந்த ஆசிரியர்கள் ஈமான் கொண்டவர்கள் அல்லர். போர்க்களத்தில் எதிரே நின்றவர்கள்! அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

அன்பழகன் 1922 டிசம்பர் 19 அன்று திருவாரூர் அருகே காட்டூரில் பிறந்தவர். இயற்பெயர் இராமையா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். 1944 முதல் 1957 வரை சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். பதின்மூன்று ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்த கை அது!

1957-ல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தல் களம் கண்டபோது 15 பேர் வென்றார்கள். அவர்களில் எழும்பூரில் வென்ற இந்த ஆசிரியரும் ஒருவர். பிறகு மேலவை, 1967-ல் திருச்செங்கோட்டிலிருந்து நாடாளுமன்றம், 1971-ல் மீண்டும் சட்டமன்றம். மொத்தம் 9 முறை சட்டமன்ற உறுப்பினர். மக்கள் நல்வாழ்வு, கல்வி, நிதி ஆகிய துறைகளின் அமைச்சர். நிதித்துறையை 2006-ல் ஏற்றபோது வயது 83! 2020 மார்ச் 7 அன்று 97-ஆம் வயதில் மறைந்தார்.

இத்தனை பதவிகள் வந்து போயின. ஆனால் ஊர் அவரை என்ன சொல்லி அழைத்தது? 'பேராசிரியர்' என்றுதான். அமைச்சர் என்ற பட்டத்தை மக்கள் கொடுப்பார்கள், எடுப்பார்கள். கற்றதால் வந்த பட்டத்தை யாரும் பறிக்க முடியாது.

பதவியை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள். 1983-ல் இலங்கைத் தமிழர் கொல்லப்பட்டபோது, அரசுகள் செயல்படவில்லை என்று கண்டித்து கலைஞரோடு சேர்ந்து தன் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார். 1986-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரித்ததற்காக 10 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். அந்தப் போராட்ட முறை சரியா, தவறா என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் நாற்காலியை இழக்கத் தயாராக இருந்தவர் என்பதை மறுக்க முடியாது. 1989-ல் மக்கள் அவரை மீண்டும் அனுப்பினார்கள். கல்வி அமைச்சராகவே வந்தார்!

வியாபாரிகளே, இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். 1996, 2001, 2006 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவர் வென்றது சென்னைத் துறைமுகம் தொகுதியில். மண்ணடியும் பாரிமுனையும் நம் கடைவீதிகள் அல்லவா! கீழக்கரைக்காரரும் காயல்பட்டினத்துக்காரரும் வந்து தொழில் செய்யும் தெருக்கள் அல்லவா! அங்கே 2001-லும் 2006-லும் வெற்றியைத் தீர்மானித்தது சில நூறு வாக்குகள்தான். ஒரு தெருவின் வாக்கு! "ஊரில் ஓட்டு இருக்கிறது, இங்கே கடை இருக்கிறது" என்று சொல்லி, ஊருக்கும் போகாமல் இங்கும் பதிவு செய்யாமல் இருப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஒரு ரூபாய் குறைந்தால் இரவெல்லாம் கணக்குப் பார்க்கிறீர்களே, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

அவர் நிதியமைச்சராக இருந்த அதே ஆட்சியில்தான், 2007-ல், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு சட்டமானது. அது ஒருவர் தந்த பரிசு அல்ல. சமுதாயம் நெடுங்காலம் கேட்டுப் போராடியதன் பலன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேடையில் எழுப்பிய கோஷம் காற்றோடு போகும். சட்டமன்றத்தில் நிறைவேறிய வரி அரசுப் பதிவேட்டில் நிற்கும். அதனால்தான் அந்த மன்றத்துக்கு யார் போகிறார் என்பது முக்கியம்.

3.5 விழுக்காடு என்றால் என்ன? 200 இடங்களில் 7 இடம். அந்த 7 இடத்துக்கு விண்ணப்பிக்க மதிப்பெண் வேண்டும். கையில் சாதிச் சான்றிதழ் வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ளவர்கள் அந்தச் சான்றிதழை வாங்கி வைத்திருக்கிறார்களா? பிளஸ் டூ முடித்த பையனைப் பாஸ்போர்ட் எடுக்க அனுப்புகிற வேகத்தில், தாலுகா அலுவலகத்துக்கு அனுப்புகிறோமா? வாங்கித் தந்த உரிமை அலமாரியில் தூங்கினால் குற்றம் சட்டத்தின் மீது இல்லை சகோதரர்களே, நம் மீது!

நான் மதரஸாவில் ஓதியவன். நஹ்வும் ஸர்ஃபும் படித்தேன். ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இயக்கத்துக்கு வந்த பிறகு மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோதுதான் கற்றேன். அந்தத் தாமதம் உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள். இளைஞர்களே, மாதம் ஒருமுறையாவது கூடி, சட்டமன்றத்தில் நடந்ததைச் செய்தித்தாளில் படித்துப் பேசுங்கள். வணிகர்களே, தேர்தலுக்குக் கொடுக்கும் நன்கொடையில் ஒரு பங்கை, சட்டமும் ஆசிரியப் பயிற்சியும் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, வேட்பாளராக நிற்க ஒருவர் வந்தால் "எவ்வளவு செலவழிப்பார்?" என்று கேட்பதற்கு முன்பு, "என்ன படித்தார்? யாருக்குக் கற்பித்தார்?" என்று கேளுங்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர் அரை நூற்றாண்டுக்கும் மேல் பொதுவாழ்வில் நின்றார். 'ஓதுவீராக' என்ற கட்டளையோடு வேதம் இறங்கிய சமுதாயம் நாம். நம் வகுப்பறைகளிலிருந்து அப்படி ஒருவர் எழுந்து வர வேண்டாமா?

வல்ல அல்லாஹ் நமக்குக் கல்வியையும் ஒற்றுமையையும் தந்து நல்லருள் புரிவானாக! ஆமீன்.