முதல் அன்புக்குத் திரும்புவோம்



எபேசு திருச்சபை, புனித பவுல் மூன்று ஆண்டுகள் கண்ணீரோடு போதித்து வளர்த்த சபை. அது அயராது உழைத்தது; துன்பத்தைத் தாங்கியது; போலித் திருத்தூதர்களை இனங்கண்டது. ஆனாலும் திருவெளிப்பாடு 2-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அதனிடம் ஒரு குறை காண்கிறார்: தொடக்கத்தில் இருந்த அன்பு இப்போது அங்கே இல்லை.

நம் பங்கும் உழைக்கிறது. கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி எதிலும் நாம் குறை வைப்பதில்லை. ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு எத்தனை பேர் வருகிறோம்? மாலையில் எத்தனை வீடுகளில் செபமாலை ஒலிக்கிறது? அன்பியக் கூட்டத்தில் வரவு செலவு பேசும் நேரத்தில் பாதியாவது இறைவார்த்தைக்குக் கொடுக்கிறோமா? ஒரே தேருக்குத் தோள் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டாரோடு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கிறோமே!

எபேசு மக்களிடம் ஆண்டவர் புதுத் திட்டம் எதையும் கேட்கவில்லை. நினைத்துப் பார்க்கவும், மனம் மாறவும், முன்பு செய்ததை மீண்டும் செய்யவும் சொன்னார். தவறினால் விளக்குத்தண்டு அகற்றப்படும் என்றும் எச்சரித்தார்.

எனவே இன்றிரவு கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, குடும்பமாக அமர்ந்து நற்செய்தி வாசிப்போம். மனத்தாங்கல் உள்ளவர் வீட்டுக்கு நாமே முதலில் போவோம். அதன்பின் ஞாயிறு திருப்பலியில் காணிக்கையோடு பீடத்தின் முன் நிற்போம்.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.