மோட்டார் எஞ்சினில் படியும் கசடு



ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி நீராவியாகிறது, விந்தை அவ்வளவுதான். மார்கழிக் காலையில் பெங்களூரில் வண்டியைக் கிளப்பியதும் புகைக்குழாயின் வாயிலிருந்து நீர் சொட்டுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த நீர் வெளியே விழும்வரை கவலையில்லை. எஞ்சினுக்குள் தங்கிவிடும் சிறு பகுதியைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் கலைப் பட்டம் பெற்றவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் கை எனக்கு வாய்க்கவில்லை. ஆயினும் விதிகளையும் சுற்றறிக்கைகளையும் பெயர்த்துப் பழகியதால், நீண்ட வாக்கியம் ஒன்றின் மூலையில் கிடக்கும் சிறு தொடரே முழுப் பொருளையும் சுமந்து நிற்பதைப் பலமுறை கண்டதுண்டு. மோட்டார் வண்டியோடு தரப்படும் கையேட்டிலும் அப்படிப்பட்ட தொடர் ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதைச் சுற்றியுள்ள ரிங்குகள் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தியிருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றைக் கடந்து கீழே கசிந்தே தீரும். அந்த வாயுவோடு நீராவி, எரியாத பெட்ரோல், கரித்தூள், அமிலப் பொருள்கள் ஆகியவையும் இறங்கி, அடியிலுள்ள எண்ணெயில் கலக்கின்றன. எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடினால், நீரும் பெட்ரோலும் ஆவியாகி, அதற்கென அமைந்த வால்வின் வழியே மீண்டும் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு வெளியேறிவிடும். சூடேறுமுன்பே வண்டியை நிறுத்திவிட்டால் அவை எண்ணெயிலேயே தங்கும். குளிர்விக்கும் நீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் வந்து நின்றதும் எஞ்சின் முழுதும் சூடாகிவிட்டது என எண்ணுகிறோம். எண்ணெய் அதன்பின் நெடுநேரம் கழித்தே உரிய சூட்டை எட்டுகிறது.

எண்ணெய் கறுத்துவிட்டதே என்று சிலர் அஞ்சுவதுண்டு. இக்காலத்து எண்ணெயில், அழுக்கைக் கழுவுவதற்கும், கழுவிய அழுக்கை ஓரிடத்தில் திரளவிடாமல் துகள் துகளாக மிதக்க வைப்பதற்கும் தனித்தனிச் சேர்க்கைப் பொருள்கள் உள்ளன. ஆகவே கறுப்பு நிறம் பெரும்பாலும் எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே அடையாளம். அச்சேர்க்கைப் பொருள்கள் தீர்ந்துபோன பின்பே ஆபத்து. அப்போது நீரும் கரியும் சிதைந்த எண்ணெயும் ஒன்றுகூடிக் களி போலத் திரண்டு, டாப்பெட் கவரின் அடியிலும் எண்ணெய் செல்லும் நுண்வழிகளிலும் படியத் தொடங்கும். இதுவே கசடு.

எங்கள் குடியிருப்பில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். விடியற்காலையில் கோயில், பிறகு காய்கறிக் கடை. இரண்டு கிலோமீட்டருக்குமேல் அவர் வண்டி போவது அரிது. நாள் தவறாமல் துடைத்து, உறை போட்டு வைப்பார். பத்தாயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்றாண்டுகளில் ஆறாயிரம்கூட ஓடவில்லையாதலால் மாற்றவில்லை. ஒருநாள் சிவப்பு விளக்கு எரிந்து, எஞ்சினிலிருந்து தட்டும் ஓசையும் கேட்டது. கழற்றிப் பார்த்தபோது, அடியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயின் சல்லடை கசடால் அடைபட்டு, எண்ணெய் கிடைக்காத பேரிங்குகள் தேய்ந்து கிடந்தன. வண்டியை அவ்வளவு அன்போடு பேணியவருக்கு, சேமிப்பில் பெரும்பகுதி அந்த ஒரே மாதத்தில் கரைந்தது.

கையேட்டை நான் வாங்கிப் பார்த்தேன். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்தியோ அது என்று அச்சிட்டிருந்தது. 'எது முந்தியோ அது' என்னும் இத்தொடரைத்தான் முதலில் குறிப்பிட்டேன். எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தொடரை விட்டுவிடுகிறோம். அதற்கும் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு குறிப்பு: குறுந்தூரப் பயணம், நின்றபடி ஓடும் எஞ்சின், புழுதி நிறைந்த சாலை ஆகியவை இருப்பின் இன்னும் விரைவில் மாற்றுக. கடுமையான நிலைமை என்று அவர்கள் எழுதுவது பாலைவனத்தை மட்டுமே குறிக்கும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து அலுவலகம் செல்பவருக்கு அது அன்றாட நிலைமை.

சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டில் டாம்டாம் நிறுவனத்தின் கணக்குப்படி, பெங்களூர் நகரின் நடுப்பகுதியில் பத்துக் கிலோமீட்டர் செல்ல 29 நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. அந்த வேகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட எஞ்சின் ஏறக்குறைய 490 மணி நேரம் உழைக்க வேண்டும். சென்னை நெடுஞ்சாலையில் மணிக்கு எழுபது கிலோமீட்டர் வீதம் ஓடினால் அதே தூரத்திற்கு 143 மணி போதும். தூரங்காட்டும் கருவி இரண்டையும் ஒன்றாகவே காட்டும். எண்ணெயோ மூன்று மடங்குக்குமேல் மூப்படைந்திருக்கும். டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் மணிக்கணக்கில் எண்ணெய் மாற்றுவது நம் உழவர்களுக்குப் புதிதன்று. காருக்கு மட்டும் கிலோமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

குளிர் மட்டுமே குற்றவாளி அன்று. மிகுந்த சூட்டிலும் எண்ணெய் சிதைந்து கசடாகும். அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரை விற்பனையான டொயோட்டா, லெக்சஸ் வண்டிகள் சிலவற்றில் எண்ணெய் களியாகிவிட்டது என்று பெருந்தொகையினர் முறையிட்டனர். பராமரிப்புக் குறைவே காரணம் என்று நிறுவனம் முதலில் கூறிற்று. ஆயினும் 2002-இல் ஏறத்தாழ 33 லட்சம் வண்டிகளுக்குச் சீர்செய்து தரும் காலத்தை நீட்டித்தது. நெரிசலில் காற்றோட்டமின்றி நின்று வேகும் நம் சிறிய டர்போ எஞ்சின்களுக்கு இந்தச் சூட்டுக் கேடும் உண்டு.

இனிச் செய்ய வேண்டியது என்ன? நகருக்குள்ளேயே ஓடும் பெட்ரோல் வண்டிக்கு ஆறு மாதம் அல்லது ஐயாயிரம் கிலோமீட்டரில் எண்ணெயையும் பில்டரையும் ஒருங்கே மாற்றுவது நலம் என்பது என் கருத்து. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஓசூர் பக்கமோ மைசூர் பக்கமோ நிற்காமல் ஓட்டிவந்தால், தங்கிய ஈரம் பெரும்பாலும் போய்விடும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற நுரை சிறிது தெரிந்தால் அது குறும்பயணத்தின் ஈரமாக இருக்கலாம். அளவுபார்க்கும் கம்பியிலும் எண்ணெய் பால் கலந்த காப்பி போலத் தோன்றி, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால், குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கசிகிறது என்று பொருள். வண்டியை மேலும் ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். நெடுங்காலம் கவனியாது விட்ட எஞ்சினில், கழுவும் திரவத்தை ஊற்றி ஒரே நாளில் தூய்மையாக்கி விடலாம் என்று யாரேனும் சொன்னால் தயங்குங்கள். பெயர்ந்து வரும் கசடு அந்தச் சல்லடையிலேயே போய் அடைத்துக்கொள்ளும். அடிப்பாத்திரத்தைக் கழற்றிக் கையால் துடைப்பதே தக்க வழி.

ஜே.சி. ரோடு கடைகளிலோ வேறெங்கோ எண்ணெய் வாங்கும்போது முத்திரையைச் சரிபாருங்கள். ஊற்றி முடித்த காலி டப்பாவைத் துளையிட்டுவிடுங்கள். பழைய டப்பாவில் போலி எண்ணெயை நிரப்பி விற்போர் இருக்கிறார்கள். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் ராஜகாலுவே வழியாக அது ஏரியைச் சேரும். புதுப்பித்து மீண்டும் பயன்படுத்தத் தக்க பொருள் அது. அதன் மறுசுழற்சிக்கு எண்ணெய் தயாரிப்போரே பொறுப்பேற்க வேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. பணிமனையில் எண்ணெய் மாற்றும்போது, பழையதை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.