ஒளித்து வைப்பதும் ஓர் ஈகை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. நானோ விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொருள் சிறிதென்று எண்ண வேண்டா. நம் பிள்ளைகள் வளரும் இந்தச் சாகண் நகரை அவர்களுக்குச் சொந்த ஊராக்க ஒரு வழி உண்டா என்று தேடிய போதுதான் இந்த விளையாட்டு என் கையில் அகப்பட்டது.

நம்மில் நாற்பதைக் கடந்தவர்கள் ‘கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்’ ஆடியிருப்பீர்கள். மணலை நீளக் கரை போலக் குவிப்போம். ஒருவர் அதற்குள் சிறு துரும்பை ஒளிப்பார். எதிரில் இருப்பவர் விரல்களைக் கோத்து, துரும்பு இருக்கும் இடம் இதுவே என்று மணல்மேல் கை பதிப்பார். தவறினால் தண்டனை உண்டு. இரு கை நிறைய மணல் அள்ளித் துரும்பை அதில் செருகி, அவர் கண்ணைப் பொத்தி, தெருவெல்லாம் சுற்றி அழைத்துச் சென்று, எங்கோ ஓரிடத்தில் மணலைக் கொட்டச் செய்து, வேறு வழியாகத் திருப்பி அழைத்து வருவோம். கண்ணைத் திறந்ததும் அவர் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேட்டத்தில் இருந்த இன்பத்தை யாரால் மறக்க முடியும்?

அதே இன்பத்தை இன்று உலகெங்கும் பெரியவர்கள் தேடி அலைகிறார்கள். ‘ஜியோகேச்சிங்’ என்பது அந்த விளையாட்டின் பெயர். நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களின் துணையால் காட்டும் ஜி.பி.எஸ். அமைப்பை அமெரிக்க இராணுவம் உருவாக்கியது. பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் வேண்டுமென்றே பிழை புகுத்தியிருந்தார்கள். நூறு மீட்டர் வரையில் இடம் தவறும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. உடனே, மே 3-ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் ஆரெகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே ஒரு வாளியை ஒளித்து வைத்தார். அதில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் இட்டு, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கணினி வழியே ஊரறியச் செய்தார். மூன்றே நாட்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டனர்! இன்று அவ்வாறு ஒளிக்கப்பட்ட பெட்டிகள் உலகில் முப்பது லட்சத்திற்கு மேல் உள்ளன. கண்டவர் குறிப்பேட்டில் பெயரும் நாளும் எழுத வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடான பொருளையோ மேலான பொருளையோ வைக்க வேண்டும். பின்பு பெட்டியை இருந்தபடியே ஒளித்துவிட்டுச் செல்ல வேண்டும். விதிகள் அவ்வளவுதான்.

அன்பர்களே! இத்தனை லட்சம் பெட்டிகளில் சிலவற்றைத் தேடியவர்கள் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. சிலவற்றைத் தேடியவர்கள் அலுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இந்த வேறுபாடு எதனால்? இதற்கு விடையை நான் நூலில் படித்து அறியவில்லை. என் சொந்தத் தோல்வியிலிருந்து அறிந்தேன்.

சென்ற ஆண்டு நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிஸ்கட் டின்னை ஒளித்து வைத்தேன். என் புலமையெல்லாம் தோன்ற இரட்டைப் பொருள் வைத்துக் குறிப்பெழுதினேன். மண் நிறத்தில் டின்னுக்கு வண்ணம் பூசி, பார்த்த கண்ணுக்குப் புலப்படாதபடி ஒரு புதருக்குள் செருகினேன். பிள்ளைகள் ஒரு மணி நேரம் தேடினார்கள். முதலில் ஓடினார்கள், பிறகு நடந்தார்கள், பிறகு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நானோ தூரத்தில் நின்று என் திறமையை எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அருகில் வந்து, “மாமா, நாங்கள் கண்டுபிடிக்கவே கூடாது என்றுதானே ஒளித்தீர்கள்?” என்று கேட்டாள். எனக்கு மறுமொழி இல்லை. அவள் சொன்னது உண்மை.

கண்டுபிடிக்கக் கூடாதென்று ஒளிப்பவன் பொருளைப் பூட்டி வைக்கும் கஞ்சனுக்கு ஒப்பானவன். நல்ல விளையாட்டில் ஒளிப்பவனும் தேடுபவனும் பகைவர் ஆகார். ஒருவர் ஈபவர், மற்றவர் பெறுபவர். ஒளிப்பவன் தன்னை மறந்து, தேடி வரப்போகும் முகமறியாத ஒருவரை மனத்தில் இருத்தி ஒளிக்க வேண்டும். நான் சொல்ல வந்த கருத்து இதுவே. மற்றவை எல்லாம் இதன் விரிவுரை.

முதலாவது, இடம். பெட்டி இல்லாவிட்டாலும் வந்து பார்க்கத் தகுந்த இடமாக அது இருக்க வேண்டும். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்னும் மேட்டு நிலத்தில், 1854-ஆம் ஆண்டு ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே ஒரு குப்பியை வைத்தார். அங்குவரை நடந்து வந்தோர் தம் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் சென்றனர். அந்தக் குப்பிக்குள் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. அத்தனை தொலைவு நடந்து அந்த நிலத்தைக் கண்டதே அவர்கள் பெற்ற பரிசு.

இரண்டாவது, நேர்மை. இன்றைய கைப்பேசி, திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். எஞ்சிய ஐந்து மீட்டரைக் கண்ணும் கருத்துமே கடக்க வேண்டும். மணற்கரை கண்முன் இருக்கிறது. துரும்பு எங்கே என்பதுதான் கேள்வி. விடை தெரிந்தபின் தேடுபவர், “அடடா, கண்முன்னேயே இருந்ததே!” என்று தம்மையே நொந்து சிரிக்க வேண்டும். “இதை எவரால் கண்டுபிடிக்க முடியும்?” என்று ஒளித்தவனை நொந்துகொண்டால் அந்த மறைப்பு தோற்றது. நல்ல விடுகதைக்கும் இதுவே இலக்கணம் அன்றோ?

மூன்றாவது, முன்னறிவிப்பு. இவ்விளையாட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுதலின் கடுமையையும் வழியின் கடுமையையும் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டியும் பாறையேறும் காளையும் தத்தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். எளிய பெட்டி இழிந்ததன்று. முதன்முதலாகத் தேடும் குழந்தைக்கு அதுவே மலை.

நான்காவது, பராமரிப்பு. மழை புகுந்து ஊறிய குறிப்பேட்டையும் துருப்பிடித்த மூடியையும் கண்டால் தேடி வந்தவர் மனம் சுருங்கும். விருந்துக்கு அழைத்துவிட்டு வாயிற்கதவைச் சாத்துவது போன்றது அது. நம் சாகணின் மழைக்காலத்தை நீங்கள் அறிவீர்கள். நீர் புகாத மூடியிட்ட பெட்டி வேண்டும். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கும் பொறுப்பும் வேண்டும்.

ஐந்தாவது, இசைவு. நிலத்துக்கு உரியவரைக் கேளாமல் ஒளிப்பது முறையன்று. 2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு சிற்றுண்டிச் சாலைக்கு வெளியே இருந்த இத்தகைய பெட்டியை வெடிகுண்டோ என்று ஐயுற்று, அதற்கென்று உள்ள படையினர் வந்து வெடித்துத் தகர்த்தனர். தொழிற்சாலை மதில் ஓரமும், மின்மாற்றியின் அடியும், மக்கள் கூடும் சந்தையும் ஒளிக்கும் இடங்கள் ஆகா. பழைய கட்டடங்களின் கற்களை அசைப்பதும் ஆகாது.

பெரியோர்களே! இனி நம் ஊருக்கு வருகிறேன். நம்மில் பலர் இங்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும், கம்பெனிப் பேருந்து செல்லும் சாலையும், மளிகைக் கடையும், பள்ளிக்கூடமுமே நாம் அறிந்த சாகண். “உன் ஊர் எது?” என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், விடுமுறைக்குச் சென்று வரும் திருநெல்வேலியையோ சேலத்தையோ சொல்கிறார்கள். அங்குள்ளவர்களோ அவர்களைப் ‘பூனாப் பிள்ளைகள்’ என்கிறார்கள். இரண்டு ஊர் இருந்தும் ஓர் ஊரும் இல்லாத நிலை இது. இது பிள்ளைகளின் குற்றமன்று. நாம் அவர்களுக்கு இந்த ஊரைக் காட்டவில்லை.

இவ்வூர்க் கோட்டையை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? சங்கிராம துர்க்கம் என்பது அதன் பெயர். மலையின் துணையின்றிச் சமநிலத்தில் அகழி சூழ நின்ற கோட்டை. 1660-ஆம் ஆண்டு, முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கானின் பெரும்படையை எதிர்த்து, சிவாஜியின் கோட்டைத் தலைவர் பிரங்கோஜி நரசாளா ஒரு சிறு படையுடன் ஐம்பது நாட்களுக்கு மேல் இதைக் காத்து நின்றார். சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துக் கொத்தளத்தைத் தகர்த்த பின்னரே கோட்டை வீழ்ந்தது. நெரிசலில் சிக்கி நாம் சலித்துக்கொள்ளும் இதே ஊரில்தான் இது நடந்தது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் ஆண்டில் நம் சங்கம் இவ்வூரில் ஒரு பெட்டியை ஒளிக்கட்டும். கோட்டைக்குள் பெட்டி வேண்டா. கோட்டைக்குச் சென்று படிகளையோ வளைவுகளையோ எண்ணி வரச் சொல்வோம். சக்ரேசுவரர் கோயிலில் இன்னோர் எண்ணிக்கை எடுக்கச் சொல்வோம். அவ்விரண்டு எண்களும் சேர்ந்து பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டட்டும். அந்த இடம், நம் குடியிருப்பின் அருகே நமக்குப் பழக்கமான ஒரு மராத்திக் கடைக்காரரின் அலமாரியாக, அவருடைய இசைவோடு அமையட்டும். பிள்ளை அவரிடம் மராத்தியில் கேட்டால்தான் பெட்டி கைக்கு வரும். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார். அந்தச் சிரிப்பும் பரிசில் ஒரு பகுதியே.

சென்ற ஆண்டு என்னைக் கேள்வி கேட்ட சிறுமியையே இந்த முறை குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். “இது மிக எளிதாக இருக்கிறதே அம்மா?” என்றேன். “புதிதாக வருபவர்களுக்கு இந்த ஊரில் ஒன்றும் தெரியாதே மாமா” என்றாள். நான் ஒரு மணி நேரமாக உங்களுக்குச் சொல்ல முயன்றதை அவள் ஒரே சொற்றொடரில் சொல்லிவிட்டாள்.

நாளை மதுரையிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வேலைக்கென்று ஒரு குடும்பம் இங்கு வந்து இறங்கும். மொழி தெரியாது, தெரு தெரியாது. அவர்கள் குழந்தை அந்தப் பெட்டியைத் திறந்து, குறிப்பேட்டில் தனக்கு முன் வந்த பிள்ளைகளின் பெயர்களைத் தமிழில் படிக்கட்டும். தன் பெயரையும் எழுதட்டும். அன்று முதல் இது அந்தக் குழந்தைக்கும் ஊர்.