ஆறு மாதம் வெளிநாடு: பெட்டி கட்டும் முன் மூன்று பேரேடுகள்

(நம் சங்கத்தின் ஜனவரி மாத உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலையிலிருந்து ஆறு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வெளிநாடு சுற்றப் போவதாகக் கடந்த ஓராண்டில் நம் குடியிருப்பில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்து யோசனை கேட்டார்கள். வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன், கணக்குத் தெரிந்தவன் என்ற நம்பிக்கை. அவர்களுடைய பெற்றோரும் தனித்தனியாக வந்தார்கள். "சார், இதெல்லாம் தேவையா? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னதால் இங்கே நிற்கிறேன்.

எந்த ஊரில் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் போனிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்தது பேரேடு. நீண்ட பயணத்துக்கு மூன்று பேரேடு வேண்டும்: லீவுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. முதல் இரண்டை எல்லோரும் ஓரளவு எழுதுகிறார்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பெற்றோரின் பயம் முழுவதும் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

முதலில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இது புதுப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் 1930களிலேயே கப்பலேறி உலகம் சுற்றியவர். 1937 அக்டோபர் 2ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இருந்தபோதுதான் காந்திஜியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. அதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, 1940இல் படத்தை வெளியிட்டார். எல்லோரும் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஊரை விட்டு விலகி நிற்கும்போது சில யோசனைகள் வருகின்றன என்பதற்குச் சொல்கிறேன்.

"ரிட்டயர் ஆனதும் போகலாமே" என்பது நம் தலைமுறையின் பதில். என்னோடு வேலை பார்த்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் பலர். பணமும் நேரமும் வந்தபோது சிலருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சிலருக்குக் கூடப் போகத் துணை இல்லை. ஆகவே முப்பத்தைந்து வயதில் ஒரு பிள்ளை போகிறேன் என்றால் அதை ஊதாரித்தனம் என்று உடனே எழுதிவிடக் கூடாது. கணக்கைக் கேளுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் அனுப்புங்கள்.

லீவுப் பேரேடு

ராஜினாமா கொடுத்துவிட்டுப் போவது வேறு, லீவு வாங்கிக்கொண்டு போவது வேறு. முடிந்தவரை லீவு வாங்குங்கள். சம்பளமில்லா விடுப்போ, இப்போது சபாட்டிக்கல் என்கிறார்களே அதுவோ, எதுவானாலும் கையெழுத்துடன் கடிதமாக வேண்டும். மேனேஜர் வாயால் "பார்த்துக்கலாம்" என்பது லீவு ஆகாது. அந்த மேனேஜரே ஆறு மாதத்தில் மாறிவிடலாம்.

கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. திரும்பினால் என்ன பதவி. சர்வீஸ் தொடர்ச்சி உண்டா. நான்காவது முக்கியமானது: கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டில் உங்கள் அப்பா அம்மா இருந்தால், சம்பளமில்லாத மாதங்களில் அது நடப்பில் இருக்குமா? இருக்காது என்றால் புறப்படும் முன்பே மாற்று ஏற்பாடு வேண்டும்.

இந்தக் கடிதம் விசாவுக்கும் உதவும். திரும்பி வருவீர்களா என்பதுதான் விசா அதிகாரியின் கேள்வி. லீவு அனுமதிக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மெண்ட் மூன்றும் அதற்குப் பதில் சொல்லும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் லீவு, பிறகு விசா, கடைசியில் டிக்கெட். மலிவு விலை டிக்கெட் கிடைத்தது என்று அதை முதலில் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் திரும்பும் தேதிக்குப் பிறகும் 6 மாதம் மிச்சம் இருக்கட்டும். பல நாடுகள் அதைக் கேட்கின்றன. புதுப்பிக்க நமக்குச் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஷெங்கனில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பிரான்ஸில் 90, அப்புறம் இத்தாலியில் 90 என்று கணக்குப் போடக் கூடாது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே 90. ஆறு மாதப் பயணத்தில் பாதிதான் அங்கே. மீதிக்கு வேறு நாடு பார்க்க வேண்டும். இன்னொன்று, சுற்றுலா விசா வேலை பார்க்க அல்ல. லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் வேலையைத் தொடரலாம் என்று நினைப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியை முதலில் படியுங்கள்.

பணப் பேரேடு

1970களில் வெளிநாடு போனவர்கள் சட்டைப் பையில் 8 டாலருடன் இறங்கிய கதையைக் கேட்டிருப்பீர்கள். அன்று அந்நியச் செலாவணி அவ்வளவு பஞ்சம். இன்று ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை கொண்டுபோகலாம். 2004இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வரம்பு 25,000தான். அனுமதி பிரச்சினை தீர்ந்தது. இப்போது பிரச்சினை நம் கையிருப்புதான்.

மொத்தப் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு 10 லட்சம் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் பயணத்துக்கு 6 லட்சம். ஊரில் ஓடும் வாடகை, இ.எம்.ஐ., காப்பீட்டு பிரீமியம், வீட்டுச் செலவுக்கு 2 லட்சம். திரும்பி வந்த பிறகு 2 லட்சம். இந்த மூன்றாவது தலைப்பைத்தான் யாரும் எழுதுவதில்லை. திரும்பி வந்ததும் அடுத்த நாளே சம்பளம் வந்துவிடாது. இ.எம்.ஐ. பெரிதாக இருந்தால் விகிதம் மாறும். தலைப்பு மாறக் கூடாது. பி.எஃப். பணத்தை மட்டும் தொடாதீர்கள்.

கையில் ரொக்கமாகப் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை வாங்கலாம். மீதி பயண கார்டில் இருக்கட்டும். திரும்பிய பிறகு மிஞ்சியதில் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். வெளிநாட்டுக் கடையில் கார்டு தேய்க்கும்போது "ரூபாயில் கழிக்கவா?" என்று மிஷின் கேட்கும். வேண்டாம், அந்த ஊர் நாணயத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள். ரூபாய் என்று பாசமாகக் கேட்பதற்கு ஒரு விலை உண்டு.

வரி விஷயமும் ஒன்று. பயணத்துக்காக ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது அது கணக்கில் சேரும், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கும். எங்கள் காலத்தில் வங்கிக்காரர்களுக்கு வெளிநாடு என்றால் எல்.எஃப்.சி.தான். மதுரையிலிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடியும் கொழும்பு, அங்கிருந்து டெல்லி என்று சுற்றிய பயணம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பயணச் சலுகைக்கான வரி விலக்கு இந்தியாவுக்குள் போவதற்கு மட்டுமே என்று 2022 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஆபீஸ் தரும் சலுகையை நம்பி வெளிநாட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் இந்திய மொபைல் எண் உயிரோடு இருக்க வேண்டும். ரோமிங்கைத் திறந்து, ரீசார்ஜ் கெடு முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வராவிட்டால் வங்கியில் பணம் இருந்தும் இல்லாதவர்தான்.

வீட்டுப் பேரேடு

2024இல் என் மகள் பிப்ரவரி முதல் ஜூலை வரை லீவு எடுத்துப் போனாள். போவதற்கு ஒரு மாதம் முன்பு நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு முழுத்தாளில் இரண்டு பட்டியல் எழுதினோம். எதற்கெல்லாம் அவள் பயணத்தை விட்டுத் திரும்ப வேண்டும் என்பது ஒன்று. எதற்கெல்லாம் திரும்ப வேண்டாம் என்பது இன்னொன்று. எழுதும்போது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமாக இதையெல்லாமா எழுதுவது?" என்றாள். ஆனாலும் எழுதினோம். இதய நோய், பக்கவாதம், ஐ.சி.யு., பெரிய அறுவை சிகிச்சை முதல் பட்டியலில். காய்ச்சல், பல், கண்புரை, சின்ன எலும்பு முறிவு இரண்டாவதில்.

ஏப்ரலில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கோப்பு அலமாரியின் முதல் தட்டில் இருந்தது. காப்பீட்டு அட்டை, ஆதார் நகல், மாத்திரைப் பட்டியல், எந்த மருத்துவமனை, ராத்திரியில் கார் எடுக்கக்கூடிய இரண்டு பக்கத்து வீட்டார் எண்கள் எல்லாம் அதில் இருந்தன. அவர்களில் ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவருக்கு மறுபடியும் நன்றி. கட்டுப் போட்ட பிறகு மகளுக்குச் சொன்னேன். "அப்பா, நான் வரணுமா?" என்றாள். குரல் சரியாக இல்லை. "இது இரண்டாவது பட்டியல்மா" என்றேன். அவள் அம்மா போனை வாங்கி, "கைதானே, ஆறு வாரத்தில் சேர்ந்துவிடும். நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அந்தத் தாள் இல்லாவிட்டால் அன்று என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வரச் சொன்னால் நாங்கள் குற்றவாளி, வராவிட்டால் அவள் குற்றவாளி. அமைதியாக இருக்கும் நாளில் மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு, பதற்றமான நாளில் மூவரையும் காப்பாற்றியது.

வங்கிக்காரனாக மேலும் சில. பெற்றோர் கணக்கு 'ஈதர் ஆர் சர்வைவர்' முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிக்சட் டெபாசிட்டில் அப்படி இருந்தாலும் முதிர்வுக்கு முன்பே உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்கலாம். மகனோ மகளோ கூட்டுக் கணக்கில் இருந்தால் இதைக் கிளையில் இப்போதே எழுதிக்கொடுத்துச் சரிசெய்யுங்கள். நாமினி பெயர்களையும் ஒருமுறை பாருங்கள். சொத்து வேலை ஏதாவது நடுவில் இருந்தால் பவர் பத்திரத்தை இங்கே இருக்கும்போதே முடியுங்கள். அங்கிருந்து அனுப்புவது அலைச்சல்.

நம் ஊருக்கென்று ஒரு காலக் கணக்கும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதை நம்மில் பலர் வாசற்படியிலேயே பார்த்தோம். விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் தண்ணீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தரைத்தள வீட்டைப் பூட்டிவிட்டோ, வயதானவர்களைத் தனியே விட்டுவிட்டோ போகாதீர்கள். நவம்பரில் ஓய்வூதியக்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று வேலையும் இருக்கிறது. போனில் முகம் காட்டிச் செய்யும் வசதி வந்துவிட்டாலும் பலருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வேண்டும். ஜனவரி முதல் செப்டம்பருக்குள் உங்கள் ஆறு மாதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டையே பூட்டிப் போகிறவர்கள் காஸ் ரெகுலேட்டர், தண்ணீர் வால்வு, மெயின் சுவிட்ச் மூன்றையும் அணைத்து, காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து, ஒரு சாவியை நம்பகமானவரிடம் வையுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதத்துக்கு மேல் வெளியூர் போகும் வீடுகளுக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கப் பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளுக்கும் நம் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். அவசர எண், மருத்துவமனை, சாவி யாரிடம், இவ்வளவுதான். அந்த நோட்டை எழுதி நடத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தாறு வருஷம் பேரேடு எழுதிய கை, சும்மா இருக்க மறுக்கிறது.

இளைஞர்களுக்கு: நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் அப்பா அம்மாவை உட்காரவைத்து அந்த இரண்டு பட்டியலை எழுதுங்கள். பெரியவர்களுக்கு: எழுதி முடித்த பிறகு தடுக்காதீர்கள். எங்கள் தாளின் மாதிரிப் படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம்.