திருக்கோணமலைக் கடலின் மறுகரையில்

திருக்கோணமலைக்கு வருகிறவர்கள் முதலில் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மரநிழலில் மேயும் மான்களைக் கடந்து கோணேசர் கோவிலுக்கு ஏறுவார்கள். கோவிலைத் தாண்டியதும் சுவாமிமலைப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. எதிரே வங்கக் கடல், தெற்கே கொட்டியாரக்குடா. துறைமுகம் நகரின் மறுபக்கத்தில், குன்றுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. எவ்வளவு பெரிய போர்க்கப்பலும் கரையை ஒட்டி வந்து நிற்கும் ஆழம் அங்கே உண்டு. இந்த ஊரின் தலைவிதியை எழுதியது அந்த ஆழம்தான்.

சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள் வரிசை வரிசையாகத் தெரியும் பெரிய எண்ணெய்க் குதங்கள் ஆங்கிலேயர் கட்டியவை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. துறைமுகத்தை விட்டு முன்கூட்டியே கடலுக்கு அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

1944 ஏப்ரலில் ரிஷ்லியூ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. 1940இல் டக்கார் துறைமுகத்தில் சுதந்திர பிரெஞ்சுத் தலைவர் டி கோலின் படைக்கு எதிராகவே சுட்ட கப்பல் அது. நான்கு ஆண்டுகளுக்குள் அணி மாறி, இங்கிருந்து நேச நாட்டுக் கப்பல்களோடு சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்டது. அந்தக் கப்பலின் நாடான பிரான்ஸில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிரான இயக்கங்களை ஒன்றிணைத்த ழான் மூலான் 1943இல் பிடிபட்டு, சித்திரவதையில் வாய் திறக்காமலே இறந்தார். 1964இல் அவருடைய அஸ்தியைப் பாரிஸின் பந்தியோன் நினைவாலயத்தில் வைத்து நாடே தலைவணங்கியது.

அதே 1943இல், நான் நிற்கும் இந்தக் கரையிலிருந்து ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் கிழக்கே, மலாயாவின் பேராக் மாநிலத்தில் சிபில் கார்த்திகேசு கைதானார். மூலானைத் தெரிந்த அளவுக்கு நமக்கு இவரைத் தெரியாது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

சிபில் 1899இல் சுமாத்திராவின் மேடானில் பிறந்த யுரேஷியப் பெண், பயிற்சி பெற்ற தாதி. கணவர் தமிழ் மருத்துவர் கார்த்திகேசு. இருவரும் பேராக்கின் ஈப்போ நகரில் மருத்துவ நிலையம் நடத்தினார்கள். ஜப்பானியப் படை நெருங்கியபோது சிபில் பக்கத்துச் சிற்றூரான பாபானுக்குப் போனார். கன்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீனச் சுரங்கத் தொழிலாளரும் விவசாயிகளும் அவரிடம் தயங்காமல் வந்தார்கள். இரவில் காட்டிலிருந்து, ஜப்பானியரை எதிர்த்த கெரில்லா வீரர்களும் காயத்தோடு வந்தார்கள். அவர்களுக்கும் மருந்திட்டார். வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, அதற்கு ஜோசபின் என்று பெயரும் சூட்டி, லண்டன் செய்திகளைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னார். நேயர்களே, நீங்கள் இப்போது அச்சமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அந்த நாளில் அப்படிக் கேட்பதே குற்றம்.

பிடிபட்ட பிறகு கெம்பெய்தாய் இராணுவப் பொலிஸார் அவரை அடித்து முதுகெலும்பைச் சிதைத்தார்கள். தாடையை உடைத்தார்கள். ஏழு வயதே ஆன மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி, பெயர்களைச் சொல் என்றார்கள். சிபில் சொல்லவில்லை. ஒரு ஜப்பானிய அதிகாரி தலையிட்டதால் குழந்தை பிழைத்தாள். எந்தத் தாயிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது. அவர் மௌனமாக இருந்ததால் எத்தனை குடும்பங்கள் தப்பின என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கடல் அவரை நம்மோடு இணைக்கிறது. பேராக் காடுகளில் இருந்த கெரில்லாக்களோடு தொடர்பு கொள்ள, ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் இரகசியப் பிரிவு இலங்கையிலிருந்து நீர்மூழ்கிகளில் ஆட்களை அனுப்பியது. 1943இல் அப்படிப் போனவர்களில் ஒருவர் சிங்கப்பூர்ச் சீனரான லிம் போ செங். 1944இல் பிடிபட்ட அவர் அந்த ஆண்டு ஜூன் 29இல் பத்து காஜா சிறையில் இறந்தார். சிபில் அடைபட்டிருந்ததும் அதே பத்து காஜா சிறையில்தான். நீர்மூழ்கிகளுக்குத் திருக்கோணமலை பெரிய தளமானது. இங்கிருந்து போன டாலி-ஹோ நீர்மூழ்கி 1944 ஜனவரியில் பினாங்குக்கு அருகே குமா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

நகரிலிருந்து நிலாவெளி வீதியில் போனால் உப்புவெளியில் போர்க்கால மயானம் இருக்கிறது. ஒரே அளவான கற்களில் மாலுமிகள், விமானிகள், சிப்பாய்களின் பெயர்கள். கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் சீருடை அணியாமல் போரிட்டவர்களுக்கு அங்கே கல் இல்லை. துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் கப்பல்களின் பெயர்களோடு சிபிலின் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

சிபில் சிறையிலிருந்து விடுதலையான பிறகு சிகிச்சைக்காக அவரைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார்கள். ஜோர்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில், உடைந்த தாடையின் காயம் நஞ்சேறி, அங்கேயே காலமானார். ஸ்கொட்லாந்தின் லனார்க்கில் புதைத்த உடலை 1949இல் மலாயாவுக்குக் கொண்டுவந்து, ஈப்போவில் மீண்டும் நல்லடக்கம் செய்தார்கள். அங்கே இன்று ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.