குலமும் நலமும்

உயர்குல நாய்களை வளர்ப்பதும், அவற்றின் இனத்தைப் பெருக்குவதும், கண்காட்சிகளிலே நிறுத்திப் பரிசு பெறுவதுமே தம் வாழ்நாட்பணியெனக் கொண்டோர் உலகின் பல நாடுகளிலும் உளர். அவர்கள் பணி எத்தகையது, அதன் பெருமை எங்கே தொடங்குகிறது, பிழை எந்த வாயிலால் நுழைகிறது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

நற்பிட்டிமுனையிலிருந்து நாயைப்பற்றிப் பேச்சா என்று சிலர் வியக்கலாம். கல்முனைக்கு மேற்கே, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் எங்கள் ஊரில் நாயை வீட்டினுள் சேர்ப்போர் மிகச் சிலரே. நாயின் வாய்நீர் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவவேண்டுமென்று மார்க்கம் கூறுகின்றது. ஆயினும் அதே மார்க்கம் வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க இடந்தந்திருக்கிறது. பயிற்றப்பட்ட நாய் பிடித்துத் தந்ததை உண்ணலாமென்பதைத் திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயத்திற் காணலாம். குகைத் தோழர்களோடு கூட இருந்த நாயை 18ஆம் அத்தியாயம் குறிப்பிடுகின்றது. அரபுப் பாலைவனத்து நாடோடிகள் சலூக்கி என்னும் வேட்டை நாயைத் தம் கூடாரத்துக்குள்ளேயே வைத்துப் பேணினர். எங்கள் பகுதியிலும், போடியாரின் வயலை முல்லைக்காரர் காக்கும் இரவுகளில், காட்டுப்பன்றி வருவதை முதலில் அறிவிப்பது வாடியருகே கிடக்கும் நாயின் குரலன்றோ? ஆகவே நாயைப்பற்றிய முதற் கேள்வி, அது என்ன பணிக்கு உரியது என்பதேயாகும். இக்கேள்வியை மறவாதிருப்பின், பின்வரும் செய்திகள் எல்லாம் தெளிவாகும்.

நாயின் பணியைப் போற்றுவது தமிழருக்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. கால்நடை கவர வந்தோருடன் பொருது வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனும், அவனுடைய நாயும் அதிலே செதுக்கப்பட்டுள்ளனர். அந்நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது அது என்று கல்வெட்டுக் கூறுகின்றது. கோவிவனுடைய தாய் எது, தந்தை எது என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அது செய்த செயலையே எழுதிவைத்தார்கள்.

தாய் தந்தையரை எழுதிவைக்கும் முறை பிற்காலத்தது. 1859ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே நடந்ததே முறைப்படி அமைந்த முதல் நாய்க் கண்காட்சி எனக் கொள்ளப்படுகின்றது. வேட்டைக்குரிய இரண்டு வகை நாய்கள் மாத்திரமே அன்று பரிசுக்கு நிறுத்தப்பட்டன. 1873இல் இலண்டனிலே கென்னல் கிளப் தோன்றி, வமிசாவளிப் பதிவேட்டை ஆரம்பித்தது. 1891இல் சார்ல்ஸ் கிரப்ற் என்பவர் தம் பெயராலே தொடங்கிய கண்காட்சி, இன்று உலகப் புகழ் வாய்ந்தது.

வமிசாவளி என்பது என்ன? மூன்று தலைமுறை கொண்ட ஒரு பத்திரத்திலே பெற்றோர் 2, பாட்டன் பாட்டியர் 4, முப்பாட்டன் முப்பாட்டியர் 8, ஆகப் பதினான்கு பெயர்கள் இருக்கும். அதைச் சட்டத்திலிட்டுச் சுவரில் மாட்டுவோர் அதன் பயனை அறியாதவர்கள். இக்குட்டிக்கு நோய் வந்தால் அது எவ்வழி வந்ததென்று தேடுவதற்கும், அவ்வழியை இனி அடைப்பதற்கும் உதவுவதே அப்பத்திரம். அஃது உண்மையிலே ஒரு கணக்கேடு. பொறுப்பேற்பவன் கையில் அது விளக்கு. விற்பவன் கையில் வெறும் விலைச்சீட்டு.

இனம் பெருக்குவோரின் வாழ்வு ஆரவாரமானதன்று. தாய்நாய் சூலுற்று ஏறக்குறைய 63 நாட்களில் ஈனும். குட்டிகள் கண் திறக்க இரண்டு வாரம் செல்லும். எட்டு வாரமேனும் தாயுடனும் உடன்பிறந்தவற்றுடனும் இருந்தாலன்றி அவை நற்பழக்கம் பெறுவதில்லை. இவ்வளவும் இரவு பகல் பாராத உழைப்பு. இதற்கு மேலானதோர் உழைப்பும் உண்டு, அது தேர்ந்தெடுத்தல். அழகிய நாயொன்று பரிசுமேற் பரிசு பெற்றுவிடுகின்றது. அதன் குட்டிகளுக்கு முன்பணம் தர ஊரே திரண்டு நிற்கின்றது. ஆனால் அதற்கு இடுப்பு மூட்டிலே குறை உண்டென்று சோதனையிலே தெரிந்துவிட்டால், அந்நாயை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கும் நெஞ்சுறுதி வேண்டும். நல்ல வளர்ப்பாளர் ஒருவரின் சிறப்பை அவர் பெற்ற கிண்ணங்களாலே அளத்தல் போதாது. அவர் மறுத்த சேர்க்கைகளையும் எண்ணவேண்டும்.

கண்காட்சி அரங்கிலே நடுவர் என்ன செய்கிறார்? ஒவ்வோர் இனத்துக்கும் எழுதப்பட்ட இலக்கணம் ஒன்றுண்டு. அதனோடு ஒவ்வொரு நாயையும் ஒப்பிடுகின்றார். பல்லைப் பார்க்கின்றார், எலும்பமைப்பைக் கையால் தடவி அறிகின்றார், நடையையும் ஓட்டத்தையும் நோக்குகின்றார். இவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் எட்டுவன. ஒரு காது கேளாமையோ, சிறுநீரிற் கல்லுண்டாகும் இயல்போ அவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. பரிசு பெற்ற நாயின் குட்டிகளே எங்கும் பரவுவதாலே, மறைந்து கிடக்கும் குறையும் அதனுடன் பரவுகின்றது. நெருங்கிய உறவிற் சேர்க்கை நடந்தால், தாய்வழியும் தந்தைவழியும் வரும் ஒரே குறை ஒரே குட்டியிற் சந்திக்கின்றது. பிழை நுழையும் வாயில் இதுவே.

இலக்கணமே பிழையாகிவிடுவதும் உண்டு. புல்டாக் என்னும் இனத்தின் முகத்தைக் குறுக்கிக் குறுக்கி அழகென்றார்கள். மூச்சுவிடவே இடர்ப்படும் நிலைக்கு அது வந்தது. தலை பெருத்தமையால் குட்டிகள் பல அறுவை முறையினாலேயே வெளிவர நேர்ந்தது. 2008ஆம் ஆண்டு பீ.பீ.ஸீ. தொலைக்காட்சி இத்தகைய கேடுகளைப் படம்பிடித்துக் காட்டியபோது பெருங் கிளர்ச்சி எழுந்தது. மறு ஆண்டிலே கென்னல் கிளப் பல இனங்களின் இலக்கணத்தைத் திருத்தியது. பெற்றோரும் பிள்ளையும், உடன்பிறந்தனவும் சேர்ந்து ஈனும் குட்டிகளைப் பதிவு செய்வதையும் நிறுத்தியது.

திருத்தம் எத்துணைக் கடினமென்பதற்கு டல்மேசியன் இனத்தின் வரலாறே சான்று. வெண்ணிற மேனியிற் கரும்புள்ளி கொண்ட அந்நாய்கள் அனைத்துக்கும், சிறுநீரிலே யூரிக் அமிலம் மிகுந்து கல்லுண்டாகும் இயல்பு பரம்பரையாய் அமைந்துவிட்டது. இனத்துக்குள்ளேயே எவ்வளவு தேடினும் குறையற்ற நாய் கிடையாது. 1973இல் அமெரிக்க மரபியலறிஞர் ராபர்ட் ஷைபிள், பொயின்றர் என்னும் வேறினத்து நாயுடன் ஒரேயொரு முறை சேர்க்கை செய்தார். பின்னர் தலைமுறை தலைமுறையாக டல்மேசியனுடனேயே சேர்த்து, தோற்றத்திலே வேற்றுமை காணமுடியாத, ஆனால் அக்குறை நீங்கிய நாய்களை உண்டாக்கினார். குலம் கலந்துவிட்டதென்று பலர் எதிர்த்தனர். அமெரிக்க கென்னல் கிளப் அவ்வழி நாய்களைப் பதிவேட்டிற் சேர்க்க 2011ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியதாயிற்று. இடைப்பட்ட முப்பத்தெட்டு ஆண்டுகளிற் பிறந்த நாய்களுள் கல்லடைப்பால் வருந்தியவற்றுக்கு விடை கூறுவது தூய்மையா, பிடிவாதமா?

நம் அண்டை நாட்டிலும் இச்சிக்கல் உண்டு. தமிழகத்தின் இராசபாளையம் நாய் தூய வெண்மைக்கும், சிவந்த மூக்குக்கும் பெயர்போனது. அவ்வெண்மையையே விரும்பித் தேர்ந்ததன் விளைவாக, அவ்வினத்துக் குட்டிகளிடையே செவிட்டுத்தன்மை காணப்படுகின்றது. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவை. அவை அங்கே இல்லாதொழிந்தால், பிறந்த சில வாரங்களிற் கேட்கும் ஆற்றல் அழிந்துவிடும். காவலுக்கென வளர்த்த நாய்க்குக் காலடியோசை கேளாவிட்டால் அதன் வெண்மையால் ஆவதென்ன?

சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் பிற தமிழ்நாட்டினங்களுக்கு நேர்ந்த துன்பம் வேறு வகையானது. முயலையும் பன்றியையும் துரத்தப் பிறந்தவை அவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அது வேண்டிய சட்டமே. ஆனால் பணி போனதும் நாயைப் பேணுவாரும் குறைந்தனர். அவ்வினங்களைக் காக்கத் தமிழக அரசு 1980களிலே சென்னைச் சைதாப்பேட்டையில் இனப்பெருக்க நிலையமொன்றை நடத்தியது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தலைகளுள் இராசபாளையமும் ஒன்றாயிற்று. முத்திரையில் ஏறியதால் மாத்திரம் இனம் பிழைப்பதில்லை. எண்ணிக்கை சுருங்கிய இனத்திலே உறவுச் சேர்க்கை தவிர்க்கமுடியாததாகின்றது. ஆதலால் பல ஊர்களிலும் பலர் சிறுகச் சிறுக வளர்த்து, கணக்கேட்டை ஒளிவின்றிப் பகிர்ந்துகொள்வதே அவற்றைக் காக்கும் வழியாகும்.

நேயர்களே, குட்டி வாங்க விரும்புவோருக்கு இரண்டொரு வார்த்தை. பத்திரத்தைக் கேட்பதற்கு முன் தாயைக் காட்டும்படி கேளுங்கள். தாய் இளைத்தும் அஞ்சியும் ஒடுங்கியிருப்பின் திரும்பிவிடுங்கள். செவியும் மூட்டும் சோதிக்கப்பட்டனவா என வினவுங்கள். வினாவுக்கு முகஞ்சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

உயர்குல நாய் வேண்டாதோர் வாடி நாயை இழிவாக நினைத்தலும் ஆகாது. பல வழி இரத்தமும் கலந்த அதனிடம் மறைகுறைகள் இரட்டித்துச் சந்திப்பது அரிது. அதற்கு வேண்டியவை ஒரு பிடி சோறும், ஆண்டுதோறும் ஒரு தடுப்பூசியுமே. இலங்கையிலே 1973ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் மாண்டனர். அத்தொகை பின்னர் வெகுவாகக் குறைந்ததற்கு நாய்களுக்கு ஏற்றிய தடுப்பூசி ஒரு பெருங் காரணம். குலம் பார்க்காத ஊசி அது.

நாய் தன் குலத்தைத் தானே தெரிந்துகொள்வதில்லை. நாமே அதற்குத் துணை தேடுகின்றோம், நாமே அதன் வடிவை விதிக்கின்றோம். வாயில்லாப் பிராணியின் பிறப்பையே கையில் எடுத்துக்கொண்டவன், அது நோவின்றி மூச்சுவிடவும், ஓடவும், கேட்கவும் கடன்பட்டவனாகின்றான். அக்கடனைத் தீர்த்தபின் கிடைக்கும் கிண்ணமே பரிசு.